கல்லறை இல்லாத வீட்டுக்கும் ஒரு சனிக்கிழமை

இன்று பெரிய சனி, இயேசு இறந்த பெரிய வெள்ளிக்கும் அவர் உயிர்த்த ஞாயிறுக்கும் நடுவில் வரும் நாள். காலையில் கோயிலுக்குப் போய்க் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். பீடத்தில் துணி இல்லை. நற்கருணை அப்பம் வைக்கும் பேழை காலியாகத் திறந்து கிடக்கிறது. வியாழன் சாயங்காலம் நின்ற மணி இன்னும் அடிக்கவில்லை. பகல் முழுக்கத் திருப்பலி கிடையாது. இந்த நாளை விட்டால் எனக்கு ஒதுங்க வேறு நாள் இல்லை.

அண்ணன் வல்லம் என்கிற நாட்டுப்படகில் கடலுக்குப் போய்த் திரும்பாமல் ஆறு வருஷம் ஆகிறது. வாடைக்காற்று அடித்த நாள். உடன் போன இரண்டு பேர் கரையேறிவிட்டார்கள். பதினோரு நாள் தேடினார்கள். மண்டபம், தொண்டி என்று எந்தக் கரையிலும் ஒதுங்கவில்லை. உடல் கிடைக்காத வீட்டில் அழுது முடிக்கவே முடியாது. ஏழு வருஷம் தகவல் இல்லாமல் போனால்தான் ஒருவரை இறந்தவராகச் சட்டம் எடுத்துக்கொள்ளும். அதற்கு இன்னும் ஒரு வருஷம் இருக்கிறது. அதுவரை மதினி எந்தப் படிவத்தில் என்ன எழுதுவார்?

துக்கம் கேட்க வந்தவர்கள் "ஆண்டவர் சித்தம்" என்றார்கள். "எல்லாம் நன்மைக்குத்தான்" என்றும் சொன்னார்கள். அவர்கள் மனசு நல்ல மனசுதான், ஆனாலும் சொல்கிறேன்: தயவுசெய்து அப்படிச் சொல்லாதீர்கள். வெள்ளிக்கிழமை அடக்கம் நடந்த வீட்டுக்குள் ஞாயிற்றுக்கிழமையை இழுத்துக்கொண்டு வராதீர்கள். எதிர்வீட்டுப் பெரியம்மா மட்டும் எதுவும் சொல்லவில்லை. தினமும் பொழுது சாயும்போது வந்து அம்மா பக்கத்தில் உட்காருவார். மதினிக்கு அரிசி களைந்து வைத்துவிட்டுப் போவார். அவருடைய அப்பா 1964 டிசம்பர் 22 இரவு தனுஷ்கோடிப் புயலில் போனவர். பாம்பனிலிருந்து புறப்பட்ட ரயில் பயணிகளோடு கடலுக்குள் போன அதே இரவு. அவரும் கிடைக்கவில்லை. அங்கே இடிந்து நிற்கும் கோயில் சுவரைச் சுற்றுலா வருகிறவர்கள் படம் பிடிப்பார்கள். பெரியம்மா அந்தப் பக்கம் போவதே இல்லை.

விவிலியத்தில் நான் திரும்பத் திரும்பப் போவது யோவான் 11-க்கு. லாசர் நோயாய்க் கிடக்கிறான் என்று சகோதரிகள் ஆளனுப்புகிறார்கள். இயேசு உடனே புறப்படவில்லை, இருந்த இடத்திலேயே இன்னும் இரண்டு நாள் தங்குகிறார். வந்து சேரும்போது அடக்கம் செய்து நாலு நாள். நீர் இங்கே இருந்திருந்தால் என் சகோதரன் செத்திருக்க மாட்டானே என்று மார்த்தா கேட்கிறாள். கொஞ்ச நேரத்தில் மரியாவும் வந்து அதையே கேட்கிறாள். இரண்டு பேரையும் அவர் கடிந்துகொள்ளவில்லை, விசுவாசம் குறைந்துபோச்சு என்று சொல்லவில்லை. அழுதார். சில நிமிஷத்தில் எழுப்பப் போகிறவர்தான், ஆனாலும் முதலில் அழுதார். நானும் ஒரு தங்கச்சிதான். மார்த்தா கேட்டதை ஆறு வருஷமாக நானும் கேட்கிறேன். பதில் வரவில்லை. கேட்பதை நான் நிறுத்தவும் இல்லை. எனக்குத் தெரிந்த செபம் இப்போதைக்கு அதுதான்.

சரி, நம்பிக்கை எங்கே என்று கேட்பீர்கள். அண்ணன் ஒருநாள் வாசலில் வந்து நிற்பார் என்று இப்போது நான் நினைக்கவில்லை. அம்மா நினைக்கிறார், அதில் நான் கை வைக்க மாட்டேன். என்னைப் பிடித்து நிறுத்துவது விவிலியத்தின் கடைசி நூலான திருவெளிப்பாடு 20-இல் வரும் ஒரு வரி. கடைசி நாளில் கடல் தன்னிடம் இருக்கும் இறந்தவர்களைத் திருப்பிக் கொடுக்கும் என்கிறது. சாவுக்கும் பாதாளத்துக்கும் முன்னால் கடலைச் சொல்லியிருக்கிறது! கரையில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு அது வெறும் உவமை இல்லை. கணக்கு வைத்திருக்கிற ஒருவர் இருக்கிறார் என்று நான் அதை அப்படியே நம்புகிறேன். எப்போது என்று அவர் சொல்லவில்லை. அதனால்தான் இன்னும் சனிக்கிழமையிலேயே இருக்கிறோம்.

நவம்பர் 2-ஆம் தேதி எல்லோரும் கல்லறைக்கு வெள்ளையடித்துப் பூ வைப்பார்கள். அம்மா பாட்டி கல்லறைக்குப் போய் இரண்டு மெழுகுவத்தி ஏற்றுவார். ஒன்று பாட்டிக்கு. இன்னொன்றைப் பக்கத்து மண்ணில் குத்தி வைப்பார். இது யாருக்கு என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை, அந்த மட்டுக்கும் எங்கள் ஊருக்கு நன்றி.

பெரிய சனி இரவு நடக்கும் உயிர்ப்புத் திருப்பலியைப் பாஸ்கா இரவு என்போம். அண்ணன் போன பிறகு அம்மா அதற்கு வந்ததே இல்லை. இருட்டில் கோயில் வாசலில் தீ மூட்டும்போது நிற்க முடியவில்லை என்பார். இன்று மத்தியானம், "எத்தனை மணிக்குடி ஆரம்பிக்கும்?" என்று கேட்டார். பதினொன்றுக்கு என்றேன். அப்புறம் ஒன்றும் பேசவில்லை. சேலையை மட்டும் எடுத்துக் கொடியில் போட்டிருக்கிறார்.