பயலுக கூட்டத்துக்குள்ள ஒரு அண்ணன் இருக்கட்டும்

மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். பள்ளிக்கூட லீவும் பெரும்பாலும் அதற்குள்தான் வரும். விசைப்படகுகள் கரையில் கிடக்கும், வீட்டில் பணப்புழக்கம் குறையும், பதினாலு பதினஞ்சு வயசுப் பயலுகளுக்குப் பகல் முழுக்கப் பொழுது கிடக்கும். அந்த நேரம் பார்த்து, பைக்கில் போய் விழுந்தான், தனுஷ்கோடி அரிச்சல்முனையில் கடல் இழுத்துக்கிட்டுப் போயிருச்சு என்று ஒரு சேதி வந்தால் ஊரில் உடனே ஒரே தீர்ப்பு: "சேர்க்கை சரியில்ல." வீட்டில் இருக்கிற பையனுக்கு உடனே உத்தரவு: "இனிமே அந்தப் பயலுகளோட உன்னைப் பார்த்தேன், காலை ஒடிச்சிருவேன்."

இந்த உத்தரவு பலிக்காது. ஏன் பலிக்காது, நம் கரையில் வேறு என்ன செய்யலாம் என்று கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன். பிள்ளைகள் இருக்கிற வீட்டில் முழுக்கப் படியுங்கள்.

பயலுகளுக்கு ஆபத்து தெரியும். அதை முதலில் ஒத்துக்கொள்வோம். பத்தாம் வகுப்புப் பையனை உட்காரவைத்து, பைக்கில் மூணு பேர் போனால் என்ன ஆகும் என்று கேளுங்கள். வாத்தியாரைவிட நன்றாகச் சொல்வான். அதே பையன் அன்று ராத்திரி மூணாவது ஆளாக ஏறுவான். காலையில் சொன்னது பொய் இல்லை. ஆற அமர யோசிக்கிற புத்தி பதினாறு வயதிலேயே ஏறக்குறைய பெரியவர்கள் அளவுக்கு வந்துவிடுகிறது. மனசு சூடாக இருக்கும்போது தன்னைப் பிடித்து நிறுத்துகிற புத்தி முழுசாக முதிர இருபது வயது தாண்டிவிடும். நெற்றிக்குப் பின்னால் இருக்கிற மூளைப் பகுதி மெதுவாக வளர்கிறது. இன்பத்தையும் பாராட்டையும் தேடுகிற பகுதி வயசுக்கு வந்த உடனேயே வேகம் பிடித்துவிடுகிறது. நடுவில் இருக்கிற அந்த ஆறேழு வருஷம்தான் நமக்குச் சிக்கல்.

கூட்டாளி பக்கத்தில் இருப்பதால் என்ன மாறுகிறது என்பதையும் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் டெம்பிள் பல்கலைக்கழகத்தின் மார்கோ கார்ட்னரும் லாரன்ஸ் ஸ்டைன்பெர்க்கும் 2005-ல் வெளியிட்ட ஆய்வு அது. 13 முதல் 16 வயது, 18 முதல் 22 வயது, 24-க்கு மேல் என்று மூன்று கூட்டம். கம்ப்யூட்டரில் கார் ஓட்டும் விளையாட்டு: மஞ்சள் விளக்கு விழுந்த பிறகும் எவ்வளவு தூரம் துணிந்து ஓட்டுகிறார்கள் என்று பார்த்தார்கள். சேக்காளிகள் கூட இருந்தபோது சின்ன வயதுக்காரர்கள் எடுத்த ஆபத்து கூடியது. பெரியவர்களிடம் அந்த மாற்றம் இல்லை. 2011-ல் இதே மாதிரி விளையாட்டை மூளையை ஸ்கேன் எடுத்துக்கொண்டே ஆடவிட்டார்கள். கூட்டாளிகள் பக்கத்து அறையில் இருந்து பார்க்கிறார்கள் என்று தெரிந்ததுமே, 14 முதல் 18 வயதுப் பிள்ளைகளின் மூளையில் பரிசுக்கு ஏங்குகிற பகுதி கூடுதலாக வேலை செய்தது. 2014-ல் எலியை வைத்தே பார்த்துவிட்டார்கள்: இளம் சுண்டெலிகள் தனியாக இருக்கும்போது குடிப்பதைவிடத் தம் வயது எலிகளோடு இருக்கும்போது சாராயத்தைக் கூடுதலாகக் குடித்தன. வளர்ந்த எலிகள் அப்படிச் செய்யவில்லை.

எலியை எந்த எலியும் "என்ன பங்கு, பயமா?" என்று கேட்டிருக்காது. கூட்டாளி கட்டாயப்படுத்தித்தான் கெடுக்கிறான் என்று நினைப்பதே பாதி தவறு. யாரும் கையைப் பிடித்து இழுப்பதில்லை, பார்த்துக்கொண்டிருந்தாலே போதும். இப்போது பின்னால் இருக்கிறவன் கையில் போனும் இருக்கிறது. ரீல்ஸ் எடுக்கிறான் என்றால் முன்னூறு கூட்டாளி பார்க்கிற மாதிரி. என் கணிப்பில் இன்று நம் ஊரில் வண்டி வேகத்தைக் கூட்டுவது அந்த கேமராதான்.

வண்டியைப் பற்றிக் கொஞ்சம் விவரமாகவே சொல்ல வேண்டும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் தேவிபட்டினம் பக்கமோ கீழக்கரை பக்கமோ சாயங்காலம் நின்று பாருங்கள். ஓட்டுகிறவனுக்குப் பதினாறு வயது இருக்கும், பின்னால் ரெண்டு பேர். மூணாவது ஆள் உட்காருவது பின் சக்கரத்துக்கும் பின்னால். அந்தக் கனம் வண்டியின் முன்பக்கத்தைத் தூக்குகிறது. வண்டியை நிறுத்துவதில் பெரும்பங்கு முன் பிரேக்குக்குத்தான்; முன் சக்கரம் லேசானால் ஹேண்டில் பிடி தளரும், முன் பிரேக் கடிக்காது. 60 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு நொடிக்கு வண்டி 16 மீட்டருக்கு மேல் ஓடுகிறது, 80-ல் 22 மீட்டர். கண் பார்த்துக் கை பிரேக்கைப் பிடிக்கவே ஒரு நொடி போய்விடும். அதன் பிறகு நிற்கிற தூரம் வேகத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடும்: வேகம் ரெண்டு மடங்கானால் தூரம் நாலு மடங்கு. இது எல்லா ஊருக்கும் பொது. நம் ஊருக்கென்று கூடுதலாக மூன்று உண்டு: முகுந்தராயர் சத்திரத்திலிருந்து அரிச்சல்முனை வரை ரோட்டின் மேல் ஏறிக் கிடக்கிற மணல், பாம்பன் பாலத்தில் பக்கவாட்டில் அடிக்கிற காற்று, உப்புக்காற்றில் துருப்பிடித்து இறுகுகிற பிரேக் கேபிள். மணலில் பிரேக் பிடித்தால் சக்கரம் உருளாமல் வழுக்கும். இதை வீட்டில் யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை. "மெதுவாப் போ" என்பதோடு முடித்துவிடுகிறோம்.

சட்டத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். 16 வயதில் ஓட்டலாம் என்பது 50 சிசிக்கு மேற்படாத, கியர் இல்லாத வண்டிக்கு மட்டும்; அதற்கும் லைசென்ஸ் வேண்டும். 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தின் 199ஏ பிரிவுப்படி, 18 வயது ஆகாத பிள்ளை வண்டியோடு குற்றத்தில் சிக்கினால் பெற்றோருக்கோ வண்டி உரிமையாளருக்கோ 3 ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. வண்டிப் பதிவு 12 மாதம் ரத்து. பையனுக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது. மாமா வண்டியை, சித்தப்பா வண்டியை "ஒரு ரவுண்டு போயிட்டு வாடா" என்று கொடுக்கிறவர்கள் இதை ரெண்டு தடவை படியுங்கள். வளைகுடாவிலும் மலேசியாவிலும் இருக்கிற அத்தாமார்களே, "பிளஸ் டூ பாஸ் பண்ணு, பைக் வாங்கித் தர்றேன்" என்று போனில் வாக்குக் கொடுக்காதீர்கள். அதையே சொல்லிச் சொல்லி அவன் இப்போதே அடுத்தவன் வண்டியில் பழகிக்கொண்டிருப்பான்.

கடல் இன்னொரு விதம். பாக் விரிகுடாப் பக்கம், நம்மவர்கள் பெண் கடல் என்று சொல்கிற இடத்தில் நீந்திப் பழகிய பிள்ளை, எனக்கு நீச்சல் தெரியும் என்ற நம்பிக்கையில் மன்னார் வளைகுடாப் பக்கம் இறங்குகிறான். மே மாதத்திலிருந்து தென்காற்று காலத்தில் அந்த ஆண் கடல் கொந்தளிப்பாகவே இருக்கும். அரிச்சல்முனையில் இரண்டு கடலும் சேருகிற இடத்தில் நீரோட்டம் திசை மாறும், நாலு எட்டில் தரை காலுக்குக் கிடைக்காது. படகுத்துறை ஜெட்டியிலிருந்து தலைகீழாகக் குதிப்பதும் அப்படித்தான். கீழே பார் (பாறை) இருக்கும், போன மாதம் இருந்த மணல் இந்த மாதம் அதே இடத்தில் இருக்காது. கழுத்தெலும்பு உடைந்தால் வாழ்நாள் முழுக்கப் படுக்கை என்றே ஆகிவிடலாம்.

ஒருவன் இழுபட்டால் அடுத்து போகிறவன் அவனைக் காப்பாற்றக் குதித்த கூட்டாளி. பயலுகளிடம் இதை மட்டுமாவது கையில் எடுத்துச் செய்து காட்டுங்கள்: மூடி இறுக்கிய ஐந்து லிட்டர் காலி கேன், அதன் கைப்பிடியில் கட்டிய பதினைந்து மீட்டர் கயிறு. கயிற்றின் மறுமுனையைக் கையில் சுற்றிக்கொள்ளாமல் காலால் மிதித்துக்கொண்டு கேனை வீச வேண்டும். தண்ணீருக்குள் குதிக்கக்கூடாது. இழுபடுகிறவன் கரையைப் பார்த்து நேராக நீந்தினால் களைத்துப்போவான். கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி இழுப்பை விட்டு வெளியேறிய பிறகுதான் கரைக்குத் திரும்ப வேண்டும்.

மூன்றாவது விஷயம் கடத்தல். அதைப் பேச ஊரில் தயங்குகிறார்கள். தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையில் சுமார் 30 கிலோமீட்டர்தான். பீடி இலை, மஞ்சள், கடல் அட்டை, கஞ்சா என்று இந்த வழியே போவதும் பிடிபடுவதும் பேப்பரில் வருகிறது. பயலுகளை இதில் இழுக்கிறவன் முதல் நாளே மூட்டையைத் தூக்கச் சொல்வதில்லை. ரீசார்ஜ் போட்டுவிடுவான், பரோட்டா வாங்கித் தருவான். பிறகு "ரோட்டுல வண்டி வந்தா ஒரு மிஸ்டு கால் கொடு, போதும்" என்பான். அடுத்து ஒரு பையை இங்கிருந்து அங்கே வைக்க வேண்டும். உள்ளே என்ன என்று சொல்லமாட்டான். அதைச் செய்துவிட்டால் பையன் வெளியே வரமுடியாது, "நீயும்தானே இருந்தே" என்பான். கடல் அட்டை வனவிலங்குச் சட்டத்தில் முதல் அட்டவணை உயிரினம், 3 முதல் 7 ஆண்டு. கஞ்சா 20 கிலோவுக்கு மேல் என்றால் குறைந்தது 10 ஆண்டு. மைனர் என்றால் விட்டுவிடுவார்கள் என்று சொல்லித்தான் கூட்டிப்போகிறார்கள். 16 வயது முடிந்தவனைக் கொடுங்குற்றத்தில் பெரியவனாகவே விசாரிக்க 2015 சிறார் நீதிச் சட்டத்தில் இடம் இருக்கிறது. வீட்டில் கவனிக்க வேண்டியது ஒன்றுதான்: கணக்கில்லாத சின்னச் சின்னக் காசு.

பள்ளிக்கூடத்தில் ஆள் வந்து பேசிவிட்டுப் போவது, கை நீட்டி உறுதிமொழி எடுப்பது, இதை மட்டும் நம்பிப் பயனில்லை. அமெரிக்காவில் 1983-ல் லாஸ் ஏஞ்சல்ஸில் தொடங்கிய 'டேர்' திட்டத்தில் போலீஸ்காரர்களே வகுப்பறைக்குப் போய்ப் போதையைப் பற்றிப் பாடம் எடுத்தார்கள். நாடு முழுக்கப் பரவியது. அந்தப் பாடம் கேட்ட பிள்ளைகளிடம் நிலைத்த பலன் எதுவும் இல்லை என்று ஆய்வுக்கு மேல் ஆய்வு சொன்னது. ஆறிய நேரத்தில் கேட்ட பாடம் சூடான நேரத்தில் கைகொடுக்கவில்லை.

என்னதான் கைகொடுக்கும்? அதே டெம்பிள் பல்கலைக்கழகக் குழு 2016-ல் ஒன்றைச் செய்தது. 18 முதல் 22 வயதுப் பையன்கள் நாலு பேர் உட்கார்ந்தால் ஆபத்தான முடிவு கூடுகிறது. அந்த நாலு பேரில் ஒருவருக்குப் பதிலாக 25 முதல் 30 வயதுக்குள் ஒருவரை உட்காரவைத்தால் முடிவுகள் நிதானத்துக்கு வந்துவிட்டன.

நம் நாட்டுப்படகில் பெரியவர்கள் காலங்காலமாகச் செய்ததும் இதுதானே? புதுசாக வருகிற பயலை அவன் வயதுப் பயலுகளோடு மட்டும் கடலுக்கு அனுப்பியதில்லை. அணியத்தில் (படகின் முன்பக்கம்) நிற்கவிடுவார்கள், வலை இழுக்கவிடுவார்கள், காற்று மாறும்போது பின்னால் இருக்கிறவர் ஒரு குரல் கொடுப்பார். ஆபத்தும் நிஜம், வேலையும் நிஜம், பக்கத்தில் ஆளும் உண்டு. படிப்பை விட்டுவிட்டுப் பிள்ளையைக் கடலுக்கு அனுப்பச் சொல்லவில்லை. அந்த அமைப்பைத்தான் கரைக்கு எடுத்துவரச் சொல்கிறேன்.

ஊர்க் கமிட்டி, ஜமாஅத், பங்குப் பேரவை, கபடி டீம் எதுவானாலும் சரி. ஐந்தாறு பயலுகளுக்கு ஒரு அண்ணன். வயது 23-லிருந்து 30-க்குள் இருக்கட்டும். நாற்பது வயதுக்காரர் வந்தால் பயலுக எழுந்து போய்விடுவார்கள். நல்லா விளையாடுகிறவனோ, நல்ல நீச்சல்காரனோ, மோட்டார் மெக்கானிக்கோ, அவர்கள் மதிக்கிற ஏதோ ஒன்று அவனிடம் இருக்க வேண்டும். அறிவுரை சொல்வது அவன் வேலை இல்லை, கூட இருப்பதுதான் வேலை. நேரமும் சொல்கிறேன்: சாயங்காலம் ஐந்திலிருந்து ஒன்பது. சந்தனக்கூடு, கோயில் கொடை, சர்ச் திருவிழா ராத்திரிகள். தடைக்காலம் இல்லாதபோது திங்கள், புதன், சனி. விசைப்படகு போகிற ராத்திரி அப்பா வீட்டில் இல்லை என்பது பயலுகளுக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும்.

இது எங்கே கெடும் என்றால், அண்ணனே குடிக்கிறவனாக இருந்தால் எல்லாம் தலைகீழ்; அவன் செய்வதுதான் சட்டமாகிவிடும். அப்புறம், பார்த்ததை எல்லாம் வீட்டில் போய்ச் சொன்னால் ஒரே வாரத்தில் கூட்டம் இடம் மாறிவிடும். உயிருக்கு ஆபத்து, போதைப்பொருள், வெளியாள் கொடுக்கிற காசு, இந்த மூன்றை மட்டும் கட்டாயம் சொல்வேன் என்று முதல் நாளே பயலுகளிடமே பேசிவிட வேண்டும்.

பெற்றோருக்கு ஒன்று. பிள்ளை எங்கே போகிறான் என்பது வேவு பார்த்துத் தெரிவதைவிட, அவன் வாயாலேயே சொல்லித் தெரிவதுதான் அதிகம். 2000-ல் ஸ்வீடனில் ஸ்டாட்டின், கெர் இருவரும் செய்த ஆய்வும் இதைத்தான் காட்டியது. அடி விழும் வீட்டில் வாய் திறக்காது. ஒரு ஒப்பந்தம் போடுங்கள்: எந்த நேரத்திலும் "அம்மாச்சிக்கு மருந்து வாங்கணுமா?" என்று அவன் மெசேஜ் போட்டால், ஒரு நிமிஷத்தில் நீங்கள் போன் பண்ணிக் கத்த வேண்டும், "உடனே வீட்டுக்கு வாடா" என்று, பக்கத்தில் இருக்கிறவனுக்குக் கேட்கிற மாதிரி. பழி உங்கள் மேல் விழட்டும். "எங்கப்பா ஒரு மாதிரிடா" என்று சொல்லிவிட்டு மானம் போகாமல் அவன் எழுந்து வந்துவிடுவான். அன்று ராத்திரி ஒரு கேள்வியும் கேட்கக்கூடாது. மறுநாள் சாப்பிட்ட பிறகு பேசுங்கள். முதல் தடவையே திட்டினால் ரெண்டாவது மெசேஜ் வராது.

பொம்பளைப் பிள்ளைகளுக்கு நெருக்கடி போனில் வருகிறது. "என்னை நம்பலையா?" என்று கேட்டுப் போட்டோ வாங்குகிறவன், பிறகு அதை வைத்தே மிரட்டுகிறான். நடந்துவிட்டால் பிள்ளையின் போனைப் பிடுங்கி உடைக்காதீர்கள், சாட்சி போய்விடும். மிரட்டல் மெசேஜை ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். அந்தப் படத்தை மட்டும் யாருக்கும், சாட்சிக்கென்றுகூட, அனுப்பாதீர்கள். 18 வயதுக்குக் கீழ் என்றால் 'டேக் இட் டவுன்' என்ற இலவச சேவை இருக்கிறது. படத்தை வெளியே அனுப்பாமலேயே அதன் அடையாள எண்ணை மட்டும் எடுத்து, பேஸ்புக், இன்ஸ்டாகிராம் போன்ற தளங்களில் பரவாமல் தடுக்க உதவும். மிரட்டியவன் மேல் போக்சோவில் வழக்குப் போடலாம்.

பெட்டிக்கடைக்காரர்களுக்கும்: பள்ளிக்கூடத்திலிருந்து 100 கஜத்துக்குள் புகையிலை விற்கக்கூடாது. சிறுவனுக்குப் புகையிலையோ மதுவோ கொடுத்தால் சிறார் நீதிச் சட்டம் 77-ம் பிரிவில் 7 ஆண்டு வரை கடுங்காவல், ஒரு லட்சம் வரை அபராதம்.

அண்ணன்மார் பட்டியலை ஏப்ரல் முதல் வாரத்துக்குள் எடுத்துவிடுங்கள், படகைக் கரையில் கட்டிய பிறகு தேடினால் நேரம் போதாது. பிள்ளை ஆபத்தில் இருந்தால் 1098. மனசு சரியில்லை, போதையிலிருந்து வெளியே வரவேண்டும் என்றால் டெலி மானஸ் 14416. ரெண்டும் இலவசம், ராத்திரியிலும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம்.