நவம்பரில் ஃபவுல், மார்ச்சில் வீரமா?

ஒரு கை இடுப்பில், ஒரு முன்கை முதுகில், போதாக்குறைக்கு ஜெர்சியின் ஓரத்தையும் இரண்டு விரல் பிடித்திருக்கிறது. பந்தை வாங்குவதற்கே அந்தப் பையன் தள்ளாடுகிறான். நாலடி தள்ளி நிற்கும் நடுவர் விசிலை வாயில் வைத்தபடி வேடிக்கை பார்க்கிறார். டிவி வர்ணனையாளரோ பூரித்துப்போய், ஆகா என்ன ஒரு டிஃபென்ஸ், மார்ச் மாதம் என்றால் இதுதான் என்கிறார். ஐயா, அது டிஃபென்ஸ் இல்லை, ஃபவுல். விதிப்புத்தகத்திலேயே அப்படித்தான் போட்டிருக்கிறது. அமெரிக்கக் கல்லூரி கூடைப்பந்தில் அந்தப் புத்தகத்தை சீசன் தொடங்கும் நவம்பரில் திறந்து, தேசிய சாம்பியன்ஷிப் போட்டி நடக்கும் மார்ச்சில் பரணில் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். வருஷா வருஷம் இதே கூத்து, வருஷா வருஷம் எனக்கு இதே ரத்தக்கொதிப்பு.

2012-13 சீசனில் ஆண்கள் பிரிவில் ஓர் அணி ஓர் ஆட்டத்தில் சராசரியாக எடுத்த புள்ளிகள் 67.5 தான். பல பத்தாண்டுகளில் காணாத வறட்சி. பிடித்துத் தள்ளி இழுத்து ஆட்டத்தைக் கொன்றுவிட்டார்கள் என்று கல்லூரி விளையாட்டை நிர்வகிக்கும் சங்கமான என்.சி.ஏ.ஏ.வுக்கே உறைத்து, 2013-14க்கு விதியைத் தெளிவாக எழுதினார்கள். பந்து வைத்திருப்பவர் மேல் கையையோ முன்கையையோ வைத்தபடியே இருந்தால் ஃபவுல். இரண்டு கையையும் வைத்தால் ஃபவுல். கையை நீட்டி விட்டுவிட்டுக் குத்திக்கொண்டே இருந்தால் ஃபவுல். முன்கையைக் குறுக்கே கொடுத்து வழியை மறித்தால் ஃபவுல். இதில் என்ன குழப்பம்? குழந்தைக்குக்கூடப் புரியும்.

அந்த நவம்பரில் விசில் பறந்தது. ஆட்டம் முழுக்க ஃப்ரீ த்ரோவாக (ஃபவுலுக்காகக் கொடுக்கும், யாரும் தடுக்காத ஷாட்) போகிறதே என்று கோச்சுகள் புலம்பினார்கள், ரசிகர்களும் கூடச் சேர்ந்து புலம்பினார்கள். அந்தப் புலம்பலை இன்னும் கொஞ்ச காலம் பொறுத்திருந்தால் போதும், பையன்கள் கையை எடுக்கக் கற்றுக்கொண்டிருப்பார்கள். எங்கே பொறுத்தார்கள்? ஜனவரியில் கான்ஃபரன்ஸ் ஆட்டங்கள், அதாவது ஒரே குழுவைச் சேர்ந்த கல்லூரிகளுக்குள் நடக்கும் ஆட்டங்கள், சூடுபிடித்ததும் விசில் மெல்ல மெல்ல அடங்கியது. அந்த வருடம் சராசரி 71 வரை ஏறியது, அடுத்த வருடமே மறுபடி 67 பக்கம் சரிந்து விழுந்தது. உடனே 2015-16இல் ஷாட் கிளாக்கை, அதாவது ஷாட் அடிக்கக் கொடுக்கும் நேரத்தை, 35 நொடியிலிருந்து 30க்குக் குறைத்தார்கள், கூடைக்கு அடியில், தடுப்பவர் குறுக்கே நின்று மோதலை வாங்கி ஃபவுல் கேட்க முடியாத வளைவை 3 அடியிலிருந்து 4 அடியாக்கினார்கள், கையை வைக்காதே என்று இன்னொரு தரம் சொன்னார்கள். இருக்கிற விதிக்கு விசில் அடித்திருந்தாலே பாதி வேலை முடிந்திருக்கும். அதை மட்டும் செய்ய மாட்டார்கள்! வருஷம் முழுக்கப் பிரம்போடு திரிந்துவிட்டுப் பரீட்சை அன்று மட்டும் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொள்ளும் வாத்தியாரை என்ன சொல்வது? அப்படித்தான் இருக்கிறது இவர்கள் கண்டிப்பு.

இதில் லாபம் யாருக்கு என்று பாருங்கள். ஆண்கள் ஆட்டம் இன்னும் 20 நிமிடப் பாதிகளாகத்தான் நடக்கிறது. ஒரு பாதியில் எதிரணி ஏழாவது ஃபவுல் செய்த பிறகுதான் ஒன்-அண்ட்-ஒன், அதாவது முதல் ஃப்ரீ த்ரோ விழுந்தால்தான் இரண்டாவது. பத்தாவது ஃபவுலுக்குத்தான் நிச்சயமாக இரண்டு. அப்படியென்றால் ஷாட் அடிக்கிறவரைத் தொடாத வரைக்கும் பாதிக்கு ஆறு ஃபவுல் ஏறக்குறைய இலவசம். பத்துத் தரம் பிடித்து இழுத்தால் நடுவர் எப்படியும் பத்துக்கும் விசில் அடிக்கப்போவதில்லை. மூன்றோ நாலோ அடிப்பார். அதற்கு மேல் அடித்தால் ஆட்டத்தையே கெடுக்கிறார் என்று அரங்கமே அவர் மேல் பாயும், அது அவருக்கும் தெரியும், கோச்சுக்கும் தெரியும். எல்லாப் பந்துக்கும் ஃபவுல் செய், பிடிபட்டதற்கு மட்டும் காசு கட்டு. கோச் பாப் ஹக்கின்ஸ் காலத்து வெஸ்ட் வர்ஜினியா பல்கலைக்கழக அணியின் முழு மைதான பிரஸ்ஸை, அதாவது மைதானம் முழுக்க விரட்டி மறிக்கிற ஆட்டத்தை, பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். நாற்பது நிமிடமும் மேலே விழுந்து புடுங்குவார்கள். ஃபவுல் கணக்கு தாறுமாறாக ஏறும், அதைப் பற்றிக் கவலையே பட மாட்டார்கள், எதிரணிதான் மூச்சு வாங்கி நிற்கும். புத்திசாலித்தனம் என்று பாராட்டலாம். கையை ஒழுங்காக வைத்துக்கொண்டு காலை நகர்த்தி ஆடுகிற அணிக்கு என்ன கிடைத்தது? ஒன்றுமில்லை, இளிச்சவாய்ப் பட்டம்தான்.

பெண்கள் பிரிவில் 2015-16லேயே நாலு கால்பகுதியாக மாற்றிவிட்டார்கள். ஒவ்வொரு கால்பகுதியிலும் ஐந்தாவது ஃபவுலிலிருந்து நேராக இரண்டு ஷாட். ஆண்கள் பிரிவுக்கு அது ஏன் ஆகாதாம்? பாரம்பரியமாம். சரி, கட்டிக்கொண்டு அழுங்கள்.

டிவியில் பார்க்கிறவர்களுக்கு இதன் முழு வீரியம் தெரியாது. முடிந்தால் ஒரு கல்லூரி அரங்கத்தில் கூடைக்குப் பின்னால், தரைக்குப் பக்கமாக உட்கார்ந்து பாருங்கள். பந்து இருபதடி தள்ளி யாரிடமோ இருக்கும். உங்கள் எதிரில் இரண்டு பெரிய உடம்புகள். பின்னால் நிற்பவன் முழங்காலை முன்னால் நிற்பவனின் தொடைக்குப் பின்னால் கொடுத்து நெம்புவான். முன்கை எலும்பில் முன்கை எலும்பு படும் சத்தம் பொத்தென்று கேட்கும். முன்னால் நிற்பவன் கையைத் தூக்கிப் பந்து கேட்பான், தூக்கிய கையைப் பின்னால் இருப்பவன் அக்குளோடு சேர்த்து அமுக்குவான். பர்டியூ பல்கலைக்கழகத்தின் ஸாக் ஈடி 7 அடி 4 அங்குலம், 2023, 2024 இரண்டு வருடமும் நாட்டின் சிறந்த வீரர் பட்டம் வாங்கியவர். அவருக்குச் சாதகமாக மட்டும் விசில் அதிகமாக அடிக்கிறார்கள் என்று ஊரே கத்தியது. அவர் மேல் ஒவ்வொரு தடவையும் இரண்டு பேர் தொங்கினார்களே, அதற்கெல்லாம் விசில் அடித்திருந்தால் எதிரணியில் ஆடுவதற்கு ஆளே மிஞ்சியிருக்க மாட்டார்கள். கல்லூரி ஆட்டத்தில் ஐந்து ஃபவுலோடு ஆள் வெளியே, என்.பி.ஏ. மாதிரி ஆறு கிடையாது.

எனக்கு டிஃபென்ஸ் பிடிக்காது என்று யாராவது கிளம்பி வருவதற்குள் சொல்லிவிடுகிறேன். 2025 ஆண்கள் இறுதி ஆட்டத்தின் கடைசி நொடிகளை எத்தனை தடவை போட்டாலும் பார்ப்பேன். ஃப்ளோரிடா 65, ஹூஸ்டன் 63. பந்து ஹூஸ்டனின் இமானுவேல் ஷார்ப்பிடம். மூன்று புள்ளிக்கு எகிறுகிறார், எதிரே வால்டர் க்ளேட்டன் ஜூனியர் பாய்ந்து வருகிறார். ஷார்ப்பின் உடம்பில் விரல் நுனிகூடப் படவில்லை. எகிறிய ஷார்ப் ஷாட்டை அடிக்க முடியாமல் பந்தைக் கீழே விட்டுவிடுகிறார், திரும்பத் தொட்டால் டிராவல் என்ற விதிமீறல், அதனால் பந்து பக்கத்தில் துள்ளிக்கொண்டிருக்க அவரால் தொட முடியவில்லை, கடைசியில் ஃப்ளோரிடாவின் அலெக்ஸ் காண்டன் அதன் மேல் விழுந்து ஆட்டத்தை முடிக்கிறார். தொடாமலே ஒரு சாம்பியன்ஷிப்பைக் காப்பாற்றியிருக்கிறார் க்ளேட்டன். இதுவல்லவா டிஃபென்ஸ்! ஹூஸ்டன் மட்டும் என்ன, அவர்கள் கோச் கெல்வின் சாம்ப்சனின் பையன்கள் காலை நகர்த்துகிற வேகத்துக்கு ஈடு சொல்வது கஷ்டம். கூடவே கையையும் வைக்கிறார்கள். அதை வைக்க விடுகிறவர்களைத்தான் கேட்கிறேன்.

இன்னொரு பக்கம், கடைசி நொடிகளில் விசிலே அடிக்கக்கூடாது, ஆட்டத்தை ஆடுகிறவர்களே முடிக்கட்டும் என்று ஒரு கோஷ்டி. இவர்களைக் கண்டால்தான் எனக்கு இன்னும் எரிகிறது. 2019 ஆண்கள் அரையிறுதி, ஆபர்ன் 62, வர்ஜினியா 60. மூலையிலிருந்து வர்ஜினியா வீரர் கைல் கை (Kyle Guy) மூன்று புள்ளிக்கு அடிக்கிறார், ஆபர்னின் சமீர் டௌட்டி அவர் மேல் வந்து மோதுகிறார், 0.6 நொடி மிச்சம், விசில். மூன்று ஃப்ரீ த்ரோவும் உள்ளே, 63-62. இந்த நேரத்திலா ஃபவுல் கொடுப்பது என்று ஆபர்ன் ஆட்கள் இன்றும் கொதிக்கிறார்கள். எந்த நேரத்தில் கொடுக்க வேண்டும்? ஷாட் அடித்தவர் தரையிறங்க இடம் கொடுக்காவிட்டால் அது முதல் நிமிடத்திலும் ஃபவுல், கடைசி நொடியிலும் ஃபவுல். அவர்கள் கொதிக்க வேண்டியது அதற்குச் சில நொடி முன்னால் நடந்ததைப் பற்றி. வர்ஜினியாவின் டை ஜெரோம் பந்தைத் தன் காலிலேயே தட்டிவிட்டு, இரண்டு கையாலும் எடுத்து, மறுபடி டிரிபிள் செய்தார், அதாவது தரையில் தட்டிக்கொண்டு போனார். அது டபுள் டிரிபிள் என்ற விதிமீறல். மூன்று நடுவர்கள் இருந்தும் விசில் இல்லை.

2024 பெண்கள் அரையிறுதியில் கதை வேறு விதம். அயோவாவிடம் ஒரு புள்ளி பின்தங்கிய யூகான் கையில் கடைசிப் பந்து. 3.9 நொடி இருக்கும்போது யூகானின் ஆலியா எட்வர்ட்ஸ் நகர்ந்தபடி ஸ்க்ரீன் வைத்தார் (தன் அணி வீரருக்கு வழிவிட எதிராளியை உடம்பால் மறிப்பது, அதை அசையாமல் நின்று செய்ய வேண்டும்) என்று விசில். பந்து போய்விட்டது, 71-69. புத்தகப்படி அது ஃபவுலா என்று கேட்டால், ஆமாம் என்றுதான் சொல்வேன். ஆனால் நகரும் ஸ்க்ரீன் கல்லூரி ஆட்டத்தில் நாள் முழுக்க, எல்லா அணியும், எல்லாப் பந்துக்கும் வைப்பது. அதில் பத்தில் ஒன்றுக்குக்கூட யாரும் விசில் அடிப்பதில்லை. அப்படிப் பழக்கிவிட்டுக் கடைசி நொடியில் திடீரென்று புத்தகத்தைப் பிரித்தால் அந்தப் பெண்ணுக்கு என்ன தோன்றும்? அதே மாதிரிதான் 2025 ஆண்கள் அரையிறுதியும். டூக் 67, ஹூஸ்டன் 66. டூக்கின் டைரீஸ் ப்ராக்டர் ஒன்-அண்ட்-ஒன்னில் முதலாவதையே தவறவிட, விழாமல் திரும்பிய பந்தைப் பிடிக்கும்போது ஹூஸ்டனின் ஜெவான் ராபர்ட்ஸின் முதுகுக்கு மேல் ஏறினார் என்று டூக்கின் கூப்பர் ஃப்ளாக் மேல் ஃபவுல், 19.6 நொடி மிச்சம். ராபர்ட்ஸ் இரண்டையும் போட்டார், ஹூஸ்டன் 70-67 என்று ஜெயித்தது. கை மேலே இருந்தது உண்மைதான். அன்று ராத்திரி முழுக்கக் கூடைக்கு அடியில் இரண்டு அணியும் அடித்துக்கொண்ட அடியில் அதைவிடப் பெரிய கைகள் எத்தனை விசில் இல்லாமல் போயின!

சார்ஜ், அதாவது தடுப்பவர் மேல் மோதியதாகப் பந்து வைத்திருப்பவருக்குக் கொடுக்கும் ஃபவுல், அதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் விடிந்துவிடும். ஒரு பையன் கூடையை நோக்கிக் கிளம்பிய பிறகு, ஓரத்திலிருந்து ஒருவன் ஓடி வந்து அவன் இறங்குகிற இடத்தில் நின்று, மோதல் வருவதற்கு அரை நொடி முன்பே 'ஆ' என்று அலறி மல்லாந்து விழுவான். எகிறியவன் தலைகீழாக வந்து விழுவான். விசில் யார் மேல்? எகிறியவன் மேல்! 2023-24இல் இதைத் திருத்தினார்கள். எகிறுவதற்குக் கால் ஊன்றும்போதே தடுப்பவர் இடத்தில் இருக்க வேண்டும், அப்புறம் வந்தால் பிளாக், அதாவது தடுப்பவர் மேல் ஃபவுல். நல்ல திருத்தம்தான், கொஞ்சம் குறைந்தும் இருக்கிறது. இன்னும் வாரத்துக்கு இரண்டு மல்லாக்கப் படுக்கும் நடிப்பாவது பார்த்துவிடுகிறேன்.

நடுவர்களை மட்டும் திட்டினால் அது பாதிப் பேச்சு. இவர்களை யாரும் சம்பளம் கொடுத்து முழுநேர நடுவராக வைத்திருக்கவில்லை. ஆட்டத்துக்கு இவ்வளவு என்று கூலி, ஒரே ஆள் பல கான்ஃபரன்ஸ்களுக்கு ஓடுவார். இன்று ஒரு மாநிலம், நாளை விமானம் ஏறி இன்னொரு மாநிலம், நாளை மறுநாள் வேறொன்று. 2017இல் கென்டக்கி நார்த் கரோலினாவிடம் 75-73 என்று தோற்றதும் ரசிகர்கள் நடுவர் ஒருவர் மேல் பாய்ந்தார்கள். அவருக்குக் கூரை போடும் தொழில். அந்தத் தொழிலுக்குப் பொய்யான விமர்சனங்களாக எழுதிக் குவித்தார்கள், மிரட்டலும் போனது. அசிங்கம் பிடித்த வேலை அது, நான் அந்தப் பக்கம் இல்லை. ஆனால் மார்ச் மாத ஆட்டங்களின் டிவி உரிமை 2025 முதல் 2032 வரை 880 கோடி டாலர். இவ்வளவு பணம் புரளும் இடத்தில், விசில் ஊதுகிறவரைச் சம்பளம் கொடுத்து முழுநேரமாக வைத்து, ஒரே மாதிரிப் பழக்கி, ஒரே அளவுகோலில் மதிப்பிட வழியில்லையாம். யார் நம்புவது?

கோச்சுகள் நடுவர் தீர்ப்பை எதிர்த்துக் கேட்கும் வசதியை ஆண்கள் ஆட்டத்தில் 2025-26 முதல் கொண்டுவந்தார்களே, அதைப் பார்த்தாவது ஆறுதல் படலாம் என்றால், பந்து யார் மேல் பட்டு வெளியே போனது, கூடையில் விழப்போகிற பந்தைத் தொட்டார்களா, தடுப்பவர் கால் வளைவுக்குள் இருந்ததா, இவ்வளவுதான் கேட்கலாம். கை வைத்தாரா இல்லையா என்று கேட்க முடியாது. எது ஆட்டத்தை நாசமாக்குகிறதோ அது மட்டும் பட்டியலில் இல்லை.

நான் கேட்பது ஒன்றே ஒன்றுதான். மார்ச் மாத தேசியப் போட்டியின் முதல் வியாழக்கிழமை ஆட்டத்தில், முதல் டிவி இடைவேளை வருவதற்குள், வைத்த கைக்கெல்லாம் விசில் அடியுங்கள். இரண்டு பக்கமும். நட்சத்திரம் இரண்டு ஃபவுலோடு பெஞ்சில் போய் உட்காரட்டும், கோச் கோட்டைக் கழற்றி எறியட்டும், வர்ணனையாளர் ஆட்டம் ஓடவே இல்லையே என்று மூக்கால் அழட்டும். நான் அந்த ஃப்ரீ த்ரோ அத்தனையையும் வாயை மூடிக்கொண்டு பார்க்கிறேன்.