வெல்டிங் போட்டியில் பேச்சுக்கு 40 மதிப்பெண்

சனிக்கிழமை கிருஷ்ணகிரி வெல்டிங் போட்டியில் நடந்ததை உங்களில் பாதிப் பேர் நேரில் பார்த்தீர்கள். மீதிப் பேருக்கு வீடியோ வந்திருக்கும். எதுவும் எழுத வேண்டாம் என்றுதான் இரண்டு நாள் இருந்தேன். இன்று காலை நான் வெல்டிங் சொல்லிக்கொடுக்கிற ஐ.டி.ஐ. (தொழிற்பயிற்சி நிலையம்) ஷாப்புக்குள் நுழைந்தால், அந்தப் போட்டிக்குப் போன என் மாணவன் எப்போதும்போல முதல் ஆளாக வந்து கேபிளைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருக்கிறான். அதற்குப் பிறகு சும்மா இருக்க முடியவில்லை.

நடந்தது வெல்டிங் போட்டி. மொத்தம் 100 மதிப்பெண். அதில் ஜாபுக்கு, அதாவது செய்துகாட்டுகிற வேலைக்கு, 60. செய்த வேலையை ஆங்கிலத்தில் 5 நிமிடம் விளக்கிச் சொல்ல 40. வெல்டிங் போட்டி என்றால் வெல்டிங்கைத்தான் பார்க்க வேண்டும். நான் சொல்ல வந்தது இது ஒன்றுதான். திரும்பத் திரும்ப இதையேதான் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கொடுத்த ஜாப் என்ன? 10 எம்.எம். பிளேட் இரண்டு, வி குரூவ் (ஓரங்களைச் சரித்து 'V' மாதிரி சேர்ப்பது), 3ஜி. அதாவது பிளேட்டைச் செங்குத்தாக நிறுத்திக் கீழிருந்து மேலே ஏற்ற வேண்டும். உருகின இரும்பு கீழேதான் வடியப் பார்க்கும். கை கொஞ்சம் தாமதித்தால் தொங்கிவிடும். ஓரத்தில் நிற்காமல் அவசரப்பட்டால் அண்டர்கட் (ஓரத்தில் பள்ளம்) விழும். ராடு தீர்ந்து அடுத்த ராடைப் பிடிக்கிற இடத்தில்தான் பெரும்பாலும் வேலை கெடும். அவன் அந்த இடத்துக்கு வரும்போதெல்லாம் நின்றான். ஸ்லாக்கை, அதாவது மேலே படிகிற கசடைக் கொத்தி, பிரஷ் போட்டு, முனையைச் சரிவாகத் தேய்த்துவிட்டுத்தான் அடுத்த ராடைத் தொட்டான். பக்கத்து பூத்தில் இரண்டு பேர் முடித்துவிட்டு எழுந்து போனபோதும் அவன் அவசரப்படவில்லை. முடித்து ஆறவைத்துப் பின்பக்கம் திருப்பினால், மேலிருந்து கீழ்வரை ரூட் (அடியில் போடுகிற முதல் வரிசை) ஒரே சீராக ஓடியிருந்தது. மதிப்பெண் போட வந்தவர் அந்தப் பிளேட்டைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. கயிற்றுக்கு இந்தப் பக்கம் மூன்றடி தூரத்தில் நின்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்புறம் மைக் வந்தது. பையன் வேப்பனப்பள்ளிப் பக்கம். வீட்டில் தெலுங்கு, பள்ளிக்கூடத்தில் தமிழ். 'குட் ஆஃப்டர்நூன் சார்' வரைக்கும் நன்றாகச் சொன்னான். அதற்கு மேல் வரவில்லை. 'தமிழ்ல சொல்லலாமா சார்?' என்று கேட்டான். 'ரூல் இருக்குப்பா' என்றார்கள். நேரம் முடிகிற வரைக்கும் பிளேட்டை இரண்டு கையிலும் பிடித்தபடி அப்படியே நின்றான். வீடியோ எடுத்தவர்கள் பரிசு வாங்கியதை எடுத்தார்கள். இதை யாரும் எடுக்கவில்லை. எனக்கு அதுதான் கண்ணிலேயே நிற்கிறது.

திங்கட்கிழமை எங்கள் ஷாப்பில் அந்தப் பிளேட்டிலிருந்து ஒரு பட்டை அறுத்து, ரூட் பக்கம் வெளியே வருகிற மாதிரி வைத்து பிரஸ்ஸில் வளைத்தோம். 'ப' வடிவத்துக்கு வளைந்து நின்றது. வெல்டிங்கில் குறை இருந்தால் வளைக்கும்போது விரிசல் விடும். இதில் ஒரு கீறல் இல்லை. போட்டி நடந்த இடத்திலும் பிரஸ் இருந்தது. பத்து நிமிட வேலை. யாரும் வளைத்துப் பார்க்கவில்லை.

'இந்தக் காலத்தில் கம்யூனிகேஷன் வேண்டாமா?' என்று நண்பர் ஒருவர் நேற்று கேட்டார். வேண்டும். அதற்கென்று ஐ.டி.ஐ. பாடத்திலேயே எம்பிளாயபிலிட்டி ஸ்கில்ஸ் (வேலைக்குத் தேவையான பொதுத் திறன்கள்) தனியாக இருக்கிறது. அதை நடத்துகிறோம், தேர்வும் வைக்கிறோம். பேச்சுக்கு ஒரு போட்டி வையுங்கள், பையன்களை அனுப்புகிறேன். வெல்டிங் போட்டிக்குள் அதை ஏன் நுழைக்கிறீர்கள்? வேர்ல்டு ஸ்கில்ஸ் என்று உலகம் முழுக்கத் தெரிந்த போட்டி 1950-இல் ஸ்பெயினில் தொடங்கியது. அதில் கலந்துகொள்ளும் பிள்ளைகள் மொழிபெயர்ப்பாளரை வைத்துக்கொள்ளலாம். மதிப்பெண்ணை இரண்டாகப் பிரிக்கிறார்கள். அளந்து சொல்லக்கூடியதை அளந்து போடுகிறார்கள். கண்ணால் பார்த்து முடிவு செய்ய வேண்டியதற்கு மூன்று பேர் தனித்தனியாக 0 முதல் 3 வரை போடுகிறார்கள். வெல்டிங் பிரிவில் தொட்டி மாதிரி ஒரு ஜாப் செய்யச் சொல்லி, உள்ளே தண்ணீர் நிரப்பி அழுத்தம் கொடுத்துக் கசிகிறதா என்று பார்க்கிறார்கள். அங்கே ஆங்கிலம் தெரியாதவனுக்கும் இடம் இருக்கிறது. கிருஷ்ணகிரியில் இல்லையாம்.

'விதிமுறையை முன்கூட்டியே கொடுத்துவிட்டோமே' என்கிறார்கள். இரண்டு நாள் முன்னால் கொடுத்தார்கள். அதை விடுங்கள்.

'உன் பையன் ஜெயிக்கவில்லை, அதனால் எழுதுகிறாய்' என்று சொல்கிறவர்களுக்கு: ஆமாம், வலிக்கிறது, மறைக்கவில்லை. ஆனால் முதல் பரிசு வாங்கிய பையன்மேல் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது. அவனும் கஷ்டப்பட்டுத்தான் வந்திருப்பான். தயவுசெய்து கமெண்டில் அவனை யாரும் எதுவும் சொல்லாதீர்கள். எனக்கு விருது ஆசை என்று ஒருவர் எழுதியிருக்கிறார். பயிற்றுநர்களுக்கு மத்திய அரசின் விருது இருப்பது எனக்கும் தெரியும். இத்தனை வருடத்தில் நான் விண்ணப்பமே போட்டதில்லை.

நான் ஐ.டி.ஐ. முடித்துவிட்டு 1996-இல் ஓசூரில் ஒரு கம்பெனிக்கு வேலை கேட்டுப் போனேன். வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டு, சர்ட்டிபிகேட்டை எல்லாம் பிளாஸ்டிக் கவரில் வைத்து எடுத்துப் போயிருந்தேன். கன்னடக்கார ஃபோர்மேன். கவரைத் திறக்கவே இல்லை. இரண்டு துண்டு பிளேட்டைக் காட்டி 'ஹாக்கு' என்றார். போடு என்கிறார் என்று கை அசைவில் புரிந்துகொண்டேன். போட்டேன். வைஸில் இறுக்கிச் சம்மட்டியால் அடித்து உடைத்து, உடைந்த வாயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஒரு சின்ன ஸ்லாக் புள்ளி இருந்தது. அதைத் தொட்டுக் காட்டினார். 'யார்கிட்ட கத்துக்கிட்டே?' என்று அரைகுறைத் தமிழில் கேட்டார். என் வாத்தியார் பெயரைச் சொன்னேன். மறுநாளே வரச் சொன்னார். அந்தப் புள்ளியை அவர் காட்டியதால்தான் நான் திருந்தினேன். பரிசு கிடைக்காததுகூடப் பரவாயில்லை. எங்கே தப்பு என்றாவது யாராவது அந்தப் பையனுக்குக் காட்டியிருக்க வேண்டாமா?

அதே மேடையில்தான் தொழிற்பயிற்சி பற்றிய சிறந்த ஆய்வுக்கான விருதும் கொடுத்தார்கள். அந்த ஆய்வுக்குக் கேள்வித்தாள் நிரப்பியது எங்கள் பிள்ளைகள். 32 கேள்வி, எல்லாம் ஆங்கிலத்தில். ஒவ்வொன்றையும் போர்டில் தமிழில் எழுதிப் போட்டு ஒரு மதியம் முழுக்க நான் உட்கார்ந்து நிரப்பிக் கொடுக்க வைத்தேன். முடிவு என்னவென்று சனிக்கிழமை மேடையில்தான் தெரிந்தது. ஐ.டி.ஐ. மாணவர்களுக்கு 'கற்கும் ஆர்வம் குறைவு'. எங்கள் பிள்ளைகள் பின்வரிசையில் உட்கார்ந்து அதைக் கேட்டார்கள்.

ஆய்வே வேண்டாம் என்று சொல்லவில்லை. நிறைய வேண்டும். வெல்டர் டிரேடு (வெல்டர் படிப்பு) ஒரே வருடம். அதில் இரண்டாவது மாதமே நின்றுவிடுகிற பையன் எங்கே போகிறான் என்று பாருங்கள். நான் போய்ப் பார்த்திருக்கிறேன். ஊத்தங்கரைப் பக்கம் ஒரு வீட்டில் பாட்டி மட்டும் இருந்தார். அப்பா அம்மா பெங்களூரில் கட்டட வேலை. அப்பா சாரத்திலிருந்து விழுந்து காலை ஒடித்துக்கொண்டார், அவருக்குப் பதில் இவன் போயிருக்கிறான். 'படிக்க நல்லா ஆசைதான் சாமி அவனுக்கு' என்றார் பாட்டி. அவனுடைய ஏப்ரனையும் கண்ணாடியையும் மடித்து டிரங்குப் பெட்டிமேல் வைத்திருந்தார். திரும்பி வருவான் என்று எடுத்து வைத்திருக்கிறார். 32 கேள்வியில் இதைக் கேட்கிற கேள்வி ஒன்றுகூட இல்லை.

போட்டி நடத்தியவர்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். மதிப்பெண் தாளைக் கொடுங்கள். முடிவை மாற்றச் சொல்லவில்லை. ரூட்டுக்கு எத்தனை, அண்டர்கட்டுக்கு எத்தனை, கேப்பிங்குக்கு (மேல் வரிசைக்கு) எத்தனை போட்டீர்கள் என்று அந்தப் பையனுக்குக் காட்ட வேண்டும். நேற்று போனில் கேட்டேன், பார்க்கிறோம் என்றார்கள். எழுத்திலும் கொடுத்துவிட்டேன். வளைத்த பட்டை என் மேசைமேல் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம், ஷாப் காலை எட்டரைக்குத் திறந்துவிடும்.