போட்டி சரி தம்பி, பெட்டி யாருடையது?

ஞாயிற்றுக்கிழமை நான் போட்ட பரண் படத்தைப் பார்த்தவர்களுக்கு எதையும் விளக்க வேண்டியதில்லை. அதற்குக் கீழே நடந்த கூத்தையும் பார்த்திருப்பீர்கள். அம்மா வீட்டுப் பரணிலிருந்து இறக்கிய நாலு செட்டாப் பாக்ஸ், மூன்று ரிமோட், டிஷ்ஷின் முன்னால் நின்று சிக்னல் வாங்குகிற, துருப்பிடித்த ஒரு எல்.என்.பி. எல்லாவற்றையும் துடைத்து வரிசையாக அடுக்கி, "கொலு இந்த வருஷம் முன்னாடியே வந்துடுச்சு. டிஷ் கம்பெனி மாறினா பழசு வேலைக்கு ஆகாதபடி பெட்டியைப் பூட்டாதீங்கப்பா" என்று எழுதியிருந்தேன். சிரிப்பதற்காகப் போட்ட படம்தான். பாதிப்பேர் சிரித்தீர்கள், நன்றி.

ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை. "டீச்சர், போட்டி வந்ததால்தான் உங்க அம்மா இன்னைக்கு நல்ல பிக்சர் பார்க்கிறாங்க. இல்லேன்னா கேபிள்காரர் காலில் விழுந்து கிடந்திருப்பீங்க. அடிப்படைப் பொருளாதாரம் தெரியாம புலம்பாதீங்க" என்று எழுதினார். அதைத் தன் பக்கத்திலும் பகிர்ந்துகொண்டார். இருநூற்றுச் சொச்சம் பேர் அங்கே ஹார்ட்டின் விட்டிருக்கிறார்கள்.

அடிப்படைப் பொருளாதாரம். சரி.

முப்பத்தோரு வருஷம் பிளஸ் டூ பிள்ளைகளுக்குப் பொருளியல் நடத்தி ஓய்வுபெற்றவள் நான். முற்றுரிமைக்கும் நிறைவுப் போட்டிக்கும் உள்ள வேறுபாடுகளை அட்டவணை போட்டுக் கரும்பலகையில் எழுதி எழுதியே வலது தோள்பட்டை போய்விட்டது. அந்தத் தம்பி அப்போது மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அவர் விடைத்தாளைத் திருத்தியதும் நான்தான். மதிப்பெண்ணை இங்கே சொல்லமாட்டேன், அந்த அளவுக்கு எனக்குப் பண்பு இருக்கிறது.

போட்டி வேண்டாம் என்று நான் எந்த வரியில் எழுதினேன்? பெட்டியைப் பூட்டாதே என்றுதானே எழுதினேன். போட்டி வேறு, பெட்டி வேறு.

கதையை முதலிலிருந்தே சொல்கிறேன், தம்பிக்கும் உதவும். 1997ல் ஸ்டார் குழுமம் வானத்திலிருந்து நேராக வீட்டுக்குச் சேனல் கொடுக்கும் டிடிஎச் சேவைக்குத் தயாரானபோது, நம் அரசாங்கம் கூடாது என்று தடை போட்டது. 2000 நவம்பரில்தான் அனுமதி, 2001 மார்ச்சில் விதிமுறைகள். 2003 அக்டோபரில் முதல் தனியார் சேவையாக டிஷ் டிவி வந்தது. மூன்று வருஷம் கட்டண டிடிஎச் என்றால் அவர்கள் மட்டும்தான். 2006 ஆகஸ்டில் டாடா ஸ்கை வந்து சவால் விட்டது. எண்பது பங்கு டாடாவுக்கு, இருபது ஸ்டாருக்கு. மூத்தவர்களுக்குப் பின்னால் ஜீ குழுமம், புதியவருக்குப் பின்னால் ஸ்டார். என் சேனலை உனக்குத் தரமாட்டேன் என்று சண்டை. இரண்டு பக்கமும் தொலைத்தொடர்புத் தகராறு தீர்ப்பாயத்தின் படி ஏறினார்கள். சேனல் வைத்திருப்பவர் கேட்கிற எல்லாருக்கும் கொடுத்தாக வேண்டும் என்று 2004 கடைசியிலேயே தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் விதி போட்டிருந்தது. அந்த விதியைப் பிடித்துக்கொண்டுதான் சேனல்களைத் திறக்க வைத்தார்கள்.

அங்கேயே நின்று யோசியுங்கள். புதிதாக வந்தவரானாலும் சரி, ஏற்கெனவே இருந்தவரானாலும் சரி, தனக்கு ஒரு கதவு பூட்டியிருந்தால் "இது அநியாயம், திற" என்று தீர்ப்பாயம் வரைக்கும் போகத் தெரிகிறது. பூட்டைப் பற்றி அவ்வளவு ஞானம். ஆனால் அரசாங்கம் இவர்களுக்குக் கொடுத்த டிடிஎச் உரிமத்தில் 7.1 என்று ஒரு பிரிவு உண்டு. ஒரு கம்பெனியின் பெட்டி இன்னொரு கம்பெனியின் சேவைக்கும் ஒத்துப்போக வேண்டும், திறந்த அமைப்பில் இருக்க வேண்டும் என்கிறது அது. அதைத் திறக்க யார் வீட்டுக் கதவைத் தட்டினார்கள்? பூட்டு இருப்பது நம் கதவில்தானே, இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டார்கள்.

டிடிஎச் எங்கள் வீட்டுக்கு வந்தது அப்பாவால். கோவில்பட்டியில் ஒரு தீப்பெட்டி ஆபீஸில் கணக்கு எழுதியவர். ஓய்வுபெற்ற பணத்தில் தனக்கென்று வாங்கிய ஒரே பொருள் அந்த டிஷ். நாலாயிரத்துக்குப் பக்கம் ஆனது. எந்தக் கம்பெனி என்பது முக்கியமில்லை. மொட்டை மாடியில் டிஷ்ஷைப் பொருத்த வந்த பையனுக்கு ஸ்பேனர் எடுத்துக் கொடுத்து, மோர் கொடுத்து, "சிக்னல் எத்தனை பர்சென்ட் தம்பி?" என்று கேட்டுக்கொண்டே நின்றார். அன்றைக்கு ராத்திரி செய்தி பார்க்கும்போது அப்பா முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

இரண்டு வருஷம் கழித்துப் புதிதாக ஒரு கம்பெனி வந்தது. பாதிக் கட்டணம், தமிழ்ச் சேனல் கூடுதல். அப்பா கணக்குப்பிள்ளை, கூட்டிக் கழித்துப் பார்த்து மாறலாம் என்றார். வந்த பையன் பழைய பெட்டியைத் தொடக்கூட இல்லை. "இது அவங்க பெட்டி சார், நம்ம சிக்னல் இதுல வராது." டிஷ்ஷாவது ஆகுமா? "வேற சாட்டிலைட் சார், கம்பெனி டிஷ்தான் வைக்கணும்." பழைய ரசீதை எடுத்துப் பார்த்தால் பின்பக்கம் பொடி எழுத்தில் பெட்டி கம்பெனியின் சொத்து என்று இருக்கிறது. சரி, உங்கள் சொத்துதானே, வந்து எடுத்துக்கொள்ளுங்கள் என்று அப்பா போன் போட்டார். யாரும் வரவில்லை. பணம் கொடுத்தவருக்கும் சொந்தமில்லை, சொந்தக்காரருக்கும் வேண்டாம். பரணில் முதல் பொம்மை அதுதான்.

அன்றைக்கு அப்பா சொன்னதை எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன். "நம்ம ஊர்ல எத்தனை லேபிள் தீப்பெட்டி இருக்கு? ஒரு லேபிள் குச்சியை இன்னொரு லேபிள் பெட்டில உரசினா பத்தாதா? இத்துனூண்டு தீப்பெட்டிக்கு இருக்கிற நியாயம் இதுக்கு இல்லையே."

இதற்கும் அடிப்படைப் பொருளாதாரம் தெரியாது என்பீர்களா தம்பி? நீங்கள் என்றே எழுதுகிறேன், இப்போது பெரிய கம்பெனியில் இருக்கிறீர்கள்.

இது நம் ஊர் வியாதி மட்டும் இல்லை. பிரிட்டனில் 1989 பிப்ரவரியில் ஊடக முதலாளி மர்டாக்கின் ஸ்கை, லக்ஸம்பர்க் துணைக்கோள் ஒன்றிலிருந்து ஒளிபரப்பத் தொடங்கியது. முறையான உரிமம் வாங்கி வைத்திருந்த போட்டிக் கம்பெனி பி.எஸ்.பி. (பிரிட்டிஷ் சாட்டிலைட் பிராட்காஸ்டிங்) 1990 வசந்தத்தில்தான் வந்து சேர்ந்தது. அவர்கள் படத்தின் தரம் உசத்தி, தொழில்நுட்பமே வேறு. டிஷ்கூடச் சதுரம், ஸ்குவேரியல் என்று செல்லப்பெயர். சதுரமா வட்டமா என்று ஊரே அடித்துக்கொண்டது. அந்த வருஷம் நவம்பரிலேயே இரண்டும் இணைந்து ஒரே கம்பெனி ஆகிவிட்டன. சதுரம் வாங்கி மாட்டியவர்கள் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதாயிற்று. போட்டியாளர்கள் கை குலுக்கிக்கொண்டார்கள், டிஷ் குப்பைக்குப் போனது. டாடாவோடு ஒட்டிக்கொண்டு இங்கே வந்த "ஸ்கை" அந்த வீட்டுப் பெயர்தான். 2022ல் அதையும் உதறிவிட்டு டாடா ப்ளே ஆகிவிட்டார்கள். பெயர் மாற்றுவது அவர்களுக்குச் சுலபம், அதற்கு யாரும் ஏணி வைத்து மாடி ஏற வேண்டாம்.

இப்போது ஆட்சேபங்களுக்கு வருகிறேன். இன்பாக்ஸிலும் நிறைய வந்திருக்கின்றன.

"கேபிள் காலத்தை மறந்துட்டீங்களா?" மறக்கவில்லை. முக்கியமான மேட்ச் அன்றைக்குப் பார்த்து வயர் அறுந்ததும், கேட்டால் "மெயின்லயே ப்ராப்ளம்" என்ற பதிலும் நினைவிருக்கிறது. புதியவர்கள் வந்தபிறகு படம் பளிச்சென்று ஆனது உண்மை. கஸ்டமர் கேரில் தமிழில் பேச ஆள் கிடைத்தது உண்மை. சன் டைரக்ட் 2007 கடைசியில் நம் பக்கம் வந்தபோது படத்தைச் சுருக்கி அனுப்பும் எம்பெக்-4 என்ற புதிய முறையோடு, மலிவு விலையில் வந்தது. அதற்கு முந்தைய இருவரும் எம்பெக்-2ல் இருந்தார்கள். போட்டியின் நன்மை என்று தேர்வில் எழுத இதெல்லாம் தாராளமாகப் போதும். ஆனால் மாநிலத்தின் பெரிய கேபிள் நிறுவனமான சுமங்கலியும் அதே வீட்டுப்பிள்ளைதான் என்பதையும் அதே விடைத்தாளில் எழுதினால் முழு மதிப்பெண் போடுவேன்.

"டெக்னிக்கலா முடியாது மேடம், ஒவ்வொருத்தரும் வேற சாட்டிலைட், வேற என்கிரிப்ஷன்." முடியாதென்றால் உரிமத்தில் ஏன் எழுதினார்கள்? துணைக்கோள் வேறு என்றால் டிஷ்ஷைத் திருப்பிக்கொள்ளலாம், அரைமணி நேர வேலை. பூட்டு வேறு என்றால் பூட்டை மட்டும் கழற்றி மாட்டுகிற மாதிரி ஒரு மாட்யூலில் வைக்கலாம். நான் கண்டுபிடித்த யோசனை இல்லை இது. 2020 ஏப்ரலில் டிராயே பரிந்துரைத்தது, யுஎஸ்பியில் செருகுகிற மாட்யூல் வரைக்கும் குறிப்பிட்டுச் சொன்னது. அப்புறம் தூர்தர்ஷனின் ஃப்ரீ டிஷ்ஷைப் பாருங்கள். 2004 டிசம்பரில் டிடி டைரக்ட் ப்ளஸ் என்று ஆரம்பித்தது. அதற்கு எந்தக் கடையில் எந்தக் கம்பெனியின் இலவசச் சேனல் பெட்டியை வாங்கிப் போட்டாலும் படம் வரும். தமிழ்ச் சேனல் அதிகம் இல்லை என்று அம்மா அதை ஒதுக்கிவிட்டாள், அது வேறு கதை. அங்கே பூட்டு இல்லை, இங்கே இருக்கிறது என்பீர்கள். ஆமாம், நான் சொல்வதும் அதுதான்.

செல்போனை எடுத்துக்கொள்ளுங்கள். 2011 ஜனவரியில் நாடு முழுக்க எண்ணை மாற்றாமல் கம்பெனி மாறலாம் என்று ஆனது. அதற்கு முன்னால் அந்தக் கம்பெனிகளும் முடியாது, முடியாது என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தன. வானம் இடிந்து விழவில்லை. செல்போனுக்கு முடிந்தது செட்டாப் பாக்ஸுக்கு ஏன் முடியாது? எனக்கு ஒரு பதில்தான் தெரிகிறது. பெட்டி பூட்டியிருந்தால் வாடிக்கையாளர் கோபித்துக்கொண்டு போகமாட்டார். போனாலும் புதிய பெட்டிக்குக் காசு கொடுத்துவிட்டுத்தான் போவார். வந்தவரைப் பிடித்து வைக்கிற வேலையைச் சேவை செய்ய வேண்டும். இங்கே பூட்டு செய்கிறது.

"யார் இப்ப டிஷ் பார்க்கிறாங்க, எல்லாம் ஓடிடி." இதை எழுதியது ஒருவர் இல்லை, ஏழு பேர். அப்பா சாமி, எனக்கும் தெரியும். ஏழு கோடி வரை போன டிடிஎச் சந்தாதாரர்கள் ஆறு கோடிக்கும் கீழே வந்துவிட்டார்கள். 2018ல் டிஷ் டிவியும் வீடியோகான் டி2எச்சும் ஒன்றாகிவிட்டன. 2025ல் டாடா ப்ளேயும் ஏர்டெல்லும் இணையப் பேசினார்கள், மே மாதம் அந்தப் பேச்சு நின்றது. ஆறாக இருந்த கட்டணக் கம்பெனிகள் இப்போது நாலு. ஆளே குறைகிற சந்தையிலும் பூட்டை விடவில்லை பாருங்கள்.

இருக்கிற கோடிகளில் ஒருத்தி என் அம்மா. எழுபத்தெட்டு வயது. ஆப் திறந்து, ஓடிபி பார்த்து, பாஸ்வேர்ட் போட்டு நாடகம் பார் என்று அவளிடம் யார் சொல்லப்போகிறீர்கள்? நான் தூத்துக்குடியில் இருக்கிறேன், என் கூடப்பிறந்த தம்பி பெங்களூரில். அந்த வீட்டில் ராத்திரி பத்து மணி வரைக்கும் கேட்கிற மனிதக்குரல் டிவியிலிருந்து வருவதுதான். ரீசார்ஜ் தீர்ந்து திரையில் கட்டம் வந்து நின்ற அன்றைக்கு எனக்கு ஐந்து தடவை போன் செய்தாள். நாடகம் போச்சே என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. "வீடு ஒரு மாதிரி இருக்குடி" என்றாள்.

இதைத்தான் "டீச்சருக்கு சீரியல் போச்சு" என்று கீழே ஒருவர் கிண்டல் செய்திருந்தார். அதற்கும் ஹார்ட்டின். போட்டவர்களில் மூன்று பேர் என் மாணவர்கள்.

கேபிள்காரர் காலில் விழுந்திருப்பேன் என்றீர்கள் தம்பி. அந்தக் கேபிள்காரரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், நான் பழசைப் பிடித்துத் தொங்குகிறேன் என்று நினைத்தாலும் பரவாயில்லை. டிஷ் வைத்தபிறகும் கீழ் அறைக்கு ஒரு கனெக்‌ஷன் அவரிடம் வைத்திருந்தோம். அப்பா இறந்த பின் இரண்டு மாதம் அவர் பணம் கேட்டு வரவில்லை. மூன்றாவது மாதம் வந்தவர் வாசலிலேயே நின்று, "அக்கா, அம்மா சாப்பிடுதாங்களா?" என்றுதான் முதலில் கேட்டார். டிஷ் கம்பெனியிடமிருந்தும் அந்த மாதம் அப்பா எண்ணுக்கு ஒரு செய்தி வந்தது. அன்பான வாடிக்கையாளரே, உங்கள் கணக்கில் இருப்பு குறைவு. கம்ப்யூட்டர் அனுப்பியது, அதற்கு என்ன தெரியும். கேபிள்காரரின் வயர் அறுந்துபோகும், படம் புள்ளி புள்ளியாக வரும், எல்லாம் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நான் யார் காலிலும் விழுந்து கிடக்கவில்லை.

எங்கேயோ ஆரம்பித்து எங்கேயோ வந்துவிட்டேன். பெட்டிக்குத் திரும்புகிறேன். புதிதாக யார் வந்து யாரோடு மோதினாலும் எனக்குச் சந்தோஷம்தான். ஐந்தாவதாக ஒருவர் வரட்டும், ஆறாவதாக வரட்டும். வாங்கின பெட்டி என்னுடையதாக இருக்கட்டும், பிடிக்காவிட்டால் அதைத் தூக்கிக்கொண்டு அடுத்தவரிடம் போக விடுங்கள். இதைச் சொன்னால் புலம்பலா?

அம்மா வீட்டில் இப்போது ஓடுகிற பெட்டியும் போன வாரத்திலிருந்து தானாக அணைந்து அணைந்து வருகிறது. ரிப்பேருக்கு ஆகிற காசில் புதுக் கனெக்‌ஷனே வாங்கிவிடலாம் என்றார்கள், வேறு கம்பெனிக்குச் சொல்லியாகிவிட்டது. நாளைக் காலை பதினொரு மணிக்கு ஆள் வருகிறாராம், புது டிஷ்ஷோடு. அம்மா எதிர்வீட்டில் ஏணிக்குச் சொல்லி வைத்துவிட்டாள். பழைய பெட்டியை என்ன செய்ய என்று கேட்டேன். "பரண்ல இடம் இருக்கு" என்கிறாள்.