பச்சையாக இருந்தால் மட்டும் அது காடாகிவிடாது

"டெல்லி ரிட்ஜில் (ஆரவல்லி மலைத்தொடரின் டெல்லிப் பகுதிக் காட்டில்) சீமைக் கருவேலத்தைக் கழிக்கக் கூடாது, உயிரினங்களுக்கு எந்த மரமானாலும் ஒன்றுதான்" என்று ஒரு சார் எழுதியிருக்கிறார். அது சரியல்ல. டெல்லி ஆர்.கே.புரத்தில் இருக்கும் நம் பிள்ளைகள் இதை அப்படியே நம்பிவிடக் கூடாது என்பதால் எழுதுகிறேன்.

இங்கே விலாயதி கீக்கர் என்று சொல்லும் இந்த மரம் அமெரிக்கக் கண்டத்தைச் சேர்ந்தது. ஆங்கிலேயர் காலத்தில் ரிட்ஜில் நட்டார்கள். இலை தின்னும் பூச்சிகள் பலவும் ஏதோ சில செடிகளை மட்டுமே தின்று வாழும். சீமைக் கருவேலம் பரவி அந்தச் செடி போனால் புழு போகும். புழு போனால் குஞ்சுக்கு இரை தேடும் பறவைக்கும் திண்டாட்டம். சீமைக் கருவேலத்தின் உதிர்ந்த இலைகளிலிருந்து கசியும் வேதிப்பொருட்கள் மற்ற விதைகள் முளைப்பதைத் தடுக்கின்றன. ஆனால் அதன் காயை நீல்காய் என்னும் பெரிய மான் வகை விலங்கு தின்று, சாணத்தோடு விதையை ஊரெங்கும் பரப்புகிறது. ஒரு பக்கம் போட்டி, மறுபக்கம் உதவி, இரண்டும் அந்த ஒரே மரத்துக்குத்தான் சாதகம்.

அதே நேரம், காற்றின் ஈரத்தை உறிஞ்சி மழையைக் கெடுக்கிறது என்று பரவும் கதைக்கும் ஆதாரம் இல்லை. அந்த மரத்தில் பறவைகள் கூடு கட்டுகின்றன, வேர் மண்ணுக்கு நைட்ரஜன் சேர்க்கிறது. ஆகவே ஒரே நாளில் புல்டோசர் விடுவதும் தப்பு. கிளைகளைக் கழித்து வெளிச்சம் விட்டு, அடியில் ஆரவல்லி மரங்களை வளர்த்து, மெல்ல மாற்ற வேண்டும். வசந்த் விஹார் பக்கம் சுரங்கம் தோண்டிய நிலத்தில் உருவான ஆரவல்லி பல்லுயிர்ப் பூங்காவைப் போய்ப் பாருங்கள் சார், அங்கே நாட்டு மரங்கள் திரும்ப வளர்ந்திருக்கின்றன.