பழியைத் தூக்கி வாக்காளர் தலையில் போடுங்கள், கைதட்டு நிச்சயம்

ஜனநாயகத் தொடர் உரையின் நேற்றைய அமர்வைப் பற்றி ஆளாளுக்குப் பாராட்டி எழுதிவிட்டீர்கள். கிளிப் வேறு சுற்றுகிறது. அதில் அரங்கமே கைதட்டுகிற அந்த இடம்தான் எனக்கு உறுத்துகிறது. ஜனநாயகத்தைக் கெடுப்பது படிப்பறிவில்லாத வாக்காளர்களாம். "ஹிட்லரையே மக்கள்தானே தேர்ந்தெடுத்தார்கள்?" என்று மேடையிலிருந்து ஒரு கேள்வி வேறு.

இல்லை ஐயா. ஜெர்மனியில் 1932 நவம்பர் தேர்தலில் ஹிட்லரின் நாஜிக் கட்சிக்குக் கிடைத்தது 33 சதவீதம். ஜூலையில் வென்றதைவிட 34 இடங்கள் குறைவு. இறங்குமுகத்தில் இருந்த ஆளை 1933 ஜனவரி 30 அன்று சான்சலர், அதாவது பிரதமர் மாதிரி, ஆக்கியவர் ஜனாதிபதி ஹிண்டன்பர்க். அவர் காதில் ஓதியவர் முன்னாள் சான்சலர் பாப்பன், பிரபுக் குடும்பத்துக்காரர். ஹிட்லரைக் கைக்குள் வைத்துக்கொள்ளலாம் என்று பெரிய மனிதர்கள் போட்ட கணக்கு அது. ஆட்சியைப் பிடித்த பிறகு, எதிர்த்தவர்களை உள்ளே தள்ளிவிட்டு நடத்திய மார்ச் தேர்தலில்கூட அந்தக் கட்சி 44 சதவீதத்தைத் தாண்டவில்லை. இதில் படிக்காத வாக்காளர் எங்கே வந்தார்?

ஹங்கேரியில் பிரதமராக இருந்த ஓர்பான் தேர்தல் விதிகளையே மாற்றி எழுதினார். 2014இல் அவர் அணிக்குச் சுமார் 45 சதவீத வாக்குக்கு மூன்றில் இரண்டு பங்கு இடங்கள் வந்தன. வெனிசுவேலாவில் 2024இல் வாக்குச்சாவடி வாரியான எண்ணிக்கையை வெளியிடாமலே, ஜனாதிபதியாக இருந்த மதுரோ வென்றதாக அறிவித்தார்கள். மக்கள் ஒழுங்காகத்தான் ஓட்டுப் போட்டார்கள். எண்ணுகிற இடத்தில் உட்கார்ந்திருந்தது யார்?

எங்கள் அம்மாவை ஐந்தாம் வகுப்போடு நிறுத்திவிட்டார்கள். ஒரு தேர்தலையும் அவர் விட்டதில்லை. யாருக்குப் போட்டாய் என்று அப்பா கேட்டால், "அது உங்களுக்கு எதுக்கு?" என்பார். ரகசிய வாக்குரிமை பற்றி அவருக்கு யாரும் தொடர் உரை நடத்தவில்லை. நேற்று கேள்வி நேரத்தில் அவரை மனதில் வைத்துத்தான் எழுந்தேன். "உணர்ச்சிவசப்படாதீர்கள்" என்று மேடையிலிருந்து ஒரு புன்னகை. மைக் அடுத்தவர் கைக்குப் போய்விட்டது.

'ஒரு வரியைப் பிடித்துத் தொங்குகிறாய்' என்பீர்கள். கைதட்டு வாங்கியது அந்த ஒரு வரிதானே! 'அப்போ எல் சால்வடார்?' என்று ஒரு நண்பர் இன்பாக்ஸில் கேட்கிறார். சரி, அந்த மத்திய அமெரிக்க நாட்டில் ஜனாதிபதி புக்கேலேவுக்கு 2024 தேர்தலில் 80 சதவீதத்துக்கு மேல் விழுந்தது உண்மை. ஆனால் அடுத்தடுத்து ஜனாதிபதியாக இருக்க அரசியலமைப்பு விதித்த தடையைத் தாண்ட அவருக்கு வழிவிட்டவர்கள் நீதிபதிகள். அவர்கள் 2021இல் பழைய நீதிபதிகளை நீக்கிவிட்டு உட்காரவைக்கப்பட்டவர்கள். அதற்கு மேல் இப்போது விவாதிக்கத் தெம்பில்லை.

'மேடையில் இருந்தவர்கள் ஆய்வாளர்கள், நீ யார்?' என்றும் ஒருவர். நான் யாருமில்லை, ஓட்டுப் போடுகிறவன். நாடுகளின் ஜனநாயகத்தை அளவிடும் வி-டெம் அமைப்பின் 2025 அறிக்கையை அவர்கள்தான் திரையில் காட்டினார்கள்: 91 எதேச்சதிகார நாடுகள், 88 ஜனநாயக நாடுகள். அதிகாரத்தைக் குவிக்க நினைக்கும் ஆட்சியாளர்கள் விரும்பிக் கையில் எடுப்பது ஊடகத் தணிக்கை என்று அதே அறிக்கை சொல்கிறது. தணிக்கை செய்வது வாக்காளரா? பத்திரிகையை மூடுவது வாக்காளரா? வரைபடத்தைக் காட்டிவிட்டு, அதைப் படிக்காமல் எங்களைப் பார்த்து விரலை நீட்டுகிறார்கள். எங்களைக் கேவலமாகப் பேச எங்களையே அழைத்து, நாற்காலி போட்டு, கைதட்டவும் வைக்கிறார்கள். திறமைதான்.

தென்கொரியாவைப் பற்றி ஒரு வார்த்தை வந்ததா? 2024 டிசம்பர் 3 இரவு ஜனாதிபதி ராணுவச் சட்டம் அறிவித்ததும் மக்கள் நாடாளுமன்ற வாசலுக்கு ஓடினார்கள், ராணுவ வண்டிகளை மறித்தார்கள். உறுப்பினர்கள் சிலர் மதிலேறிக் குதித்து உள்ளே போனார்கள். விடிவதற்குள் 190 பேர் கூடி, ஒருவர்கூட மாறாமல் அதை எதிர்த்து வாக்களித்தார்கள்.

'அங்கே எல்லாரும் படித்தவர்கள்' என்று கமெண்ட் போடப்போகிறீர்கள், தெரியும். ஆமாம், அந்தச் சட்டத்தை அறிவித்த ஜனாதிபதி யூன் சுக் இயோலும் படித்தவர்தான். படித்தது சட்டம். நாட்டின் தலைமை அரசு வழக்கறிஞராகவே இருந்தவர்.