பெரிய வண்டி என்பதாலேயே நாலு சக்கரமும் இழுத்துவிடாது

"பழசு வாங்குறதுன்னா பெருசா ஸ்கார்ப்பியோ எடு, பீஞ்சமந்தை, அல்லேரின்னு வேலூர் மலைக் கிராமம் எங்கேயும் ஏறும், மாருதியோட சின்ன ஜீப் ஜிம்னி எல்லாம் மழையில நின்னுடும்" என்று சொன்ன அண்ணனுக்கு: இது தப்பு அண்ணே. இதை நம்பி ஒருத்தர் லட்சக்கணக்கில் பணத்தைப் போட்டுவிடுவார்.

சந்தைக்கு வரும் பழைய ஸ்கார்ப்பியோக்களில் பெரும்பாலானவை பின்சக்கரம் மட்டும் இழுப்பவை. ஃபார்ச்சூனரிலும் அப்படி நிறைய உண்டு. சேற்றில் ஒரு பின்சக்கரம் சும்மா சுழல ஆரம்பித்தால் எஞ்சின் எவ்வளவு பெரிசாக இருந்து என்ன பயன்? இந்தியாவில் விற்ற எல்லா ஜிம்னியிலும் ஃபோர் வீல் டிரைவும் (நாலு சக்கரமும் இழுப்பது) லோ கியரும் (வேகத்தைக் குறைத்து இழுவையைக் கூட்டுவது) உண்டு. எடை சுமார் 1,200 கிலோதான். ஃபோர் வீல் ஃபார்ச்சூனர் 2 டன்னைத் தாண்டும். ஜிம்னியின் அகலம் 1,645 மி.மீ.தான் என்பதால் ஒடுங்கிய மலைப்பாதையில் எதிரே டிராக்டர் வந்தாலும் ஒதுங்கலாம்.

ஆறேழு பேர் குடும்பமாகப் போவதென்றால் பெரிய வண்டிதான் சரி, ஜிம்னியில் நாலு பேருக்குத்தான் இடம். அப்போதும் ஃபோர் வீல் மாடலா என்று ஆர்.சி.யோடு சேர்த்துப் பாருங்கள். மண் தரையில் லோ கியர் போட்டு ஓட்டிக் காட்டாதவரிடம் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.